ஊட்டியின் வீட்டுக்காரர்கள்

சோமனூரில் தறிச் சத்தம் இரண்டு நாள் ஓய்ந்தால் போதும், ஊட்டி ஞாபகம் வந்துவிடும். 7,000 அடிக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் தொட்டபெட்டா, மறுநாள் பைக்காரா என்று சுற்றிவரலாம் அல்லவா? தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் 11,000 அடி உயரத்திலுள்ள கூஸ்கோவிலும் பிரயாணிகள் இப்படித்தான் தங்கி, மச்சு பிச்சுவுக்குப் போகிறார்கள். ஆனால் அது இன்கா மன்னர்களின் தலைநகரம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஊட்டி யாருடைய ஊர்?

கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரியில் ஏறினார். 1822-இல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். பின்னர் ஓடையை மறித்து ஏரியும் அமைத்தார். அதெல்லாம் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி. அங்கே ஏராளமாக நிலம் சேர்த்தவரும் சல்லிவன்தான். அந்த மண் தோடர்களுக்கே சொந்தம் என்று சர்க்காரோடு வாதாடியவரும் அவர்தான். வாதம் ஜெயிக்கவில்லை. தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை மட்டுமே உண்டு என்று 1843-இல் கும்பினி தீர்த்துவிட்டது. 1908-இல் ரயிலும் உதகையை எட்டியது. மலை, விருந்தாளிகளின் ஊராகிவிட்டது.

தாவரவியல் பூங்காவுக்கு மேலே, சரிவில், இன்றும் ஒரு தோடர் மந்து இருக்கிறது. பூவைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிவிடாதீர்கள். வீட்டுக்காரரைப் பார்க்காமல் திரும்புவது நம் கொங்குநாட்டு வழக்கமல்லவே!