தமிழ்த் திரையில் விண்வெளி

விண்கலம், வேற்றுக்கிரகவாசி, விண்பயணம் ஆகியவை இடம்பெறும் தமிழ்ப் படங்களின் வரலாறு 1963-இல் வெளியான 'கலை அரசி'யிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். ஹாலிவுட்டின் 'ஸ்டார் வார்ஸ்' போலத் தலைமுறை தாண்டி நீளும் படவரிசை தமிழில் உருவாகவில்லை. நீண்ட இடைவெளி விட்டுத் தனித்தனிப் படங்களே வந்தன.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டாக எடுத்த 'காடு' (1952) படத்தையும் சிலர் இதற்கு முன்னோடியாகச் சேர்ப்பர். அதில் விண்வெளி கிடையாது. யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி ஆதிகால மாமூத்துகளாக நடமாட விட்டிருந்தார்கள்.

'கலை அரசி'யை இயக்கியவர் ஏ. காசிலிங்கம், இசை கே. வி. மகாதேவன். எம்.ஜி.ஆர்., பானுமதி, நம்பியார் நடித்தனர். வேறொரு கிரகத்தில் விஞ்ஞானம் முற்றியிருக்கிறது, ஆனால் கலை இல்லை. ஆட்டபாட்டம் சொல்லித்தர ஆள் தேடிப் பறக்கும் தட்டில் பூமிக்கு வருகிறார் நம்பியார். பொன்னுக்கோ மண்ணுக்கோ அல்ல, ஒரு பாட்டு வாத்தியாருக்காகப் பூமிமேல் இறங்கிய வேற்றுக்கிரகவாசி உலகத் திரையிலேயே அபூர்வம். அவர் தூக்கிச் செல்வது பானுமதியை. தம் பாடல்களைச் சொந்தக் குரலில் பாடி நடித்த பானுமதி என்பதால், அந்தக் கிரகத்தாரின் தேர்வைக் குறைசொல்ல முடியாது. பானுமதிக்கு இதில் இரட்டை வேடம். காதலியைத் தேடிச் செல்லும் எம்.ஜி.ஆர்., அங்கே இறந்துபோன ஒரு விகடகவியின் இடத்தில் அமர்ந்து அரண்மனைக்குள் நுழைகிறார். இதையும் இரட்டை வேடக் கணக்கில் சேர்ப்பதா என்பது கணக்கிடுவோரைப் பொறுத்தது.

முதல் மனிதராகக் காகாரின் விண்வெளிக்குப் போய் அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. படம் வந்தது ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பர் 21-இல்தான் திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. தமிழ்த் திரை ஏழு மாதம் முந்திக்கொண்டது. மலாயாத் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலமும் அதுதான். தரையில் பாய் விரித்துப் பார்த்தவர்களுக்குத் திரைக்கு மேலேயும் வானம் இருந்தது.

அடுத்த இருபதாண்டுகளில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. சுஜாதா எழுதிக் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' (1986) களவுபோன 'அக்னிபுத்திரா' ஏவுகணையைத் தேடும் கதை. விண்வெளிப் படம் என்று சொல்லத் தயக்கம் உண்டு. ஆனாலும் இங்கும் திரை முந்திக்கொண்டது: அக்னி ஏவுகணை நிஜமாகவே சோதிக்கப்பட்டது 1989-இல்தான்.

சக்தி சௌந்தர் ராஜனின் 'டிக் டிக் டிக்' (2018) இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம் பெற்றது. 'கலை அரசி'யும், தாரா சிங் நடித்த இந்திப் படமான 'சாந்த் பர் சடாயி'யும் (1967) இருக்கையில் இந்த உரிமை விவாதத்துக்குரியது. விண்வெளியிலேயே பெரும்பகுதி நடக்கும் படம் என்ற பொருளில் அது பொருந்தலாம். நாயகனாக நடித்த ஜெயம் ரவியின் (தற்போது ரவி மோகன்) மகன் ஆரவ், இதில் நாயகனின் மகனாகவே அறிமுகமானார்.

இத்தகைய அறிபுனைப் படங்களில் நட்சத்திரங்கள் கௌரவத் தோற்றம் தரும் முறையிலும் தமிழ் வழக்கம் ஹாலிவுட்டிலிருந்து வேறு. இங்கே நட்சத்திரம் தலைகாட்டினால் அரங்கில் விசில் பறக்க வேண்டும். ஆர். ரவிகுமாரின் காலப்பயணப் படமான 'இன்று நேற்று நாளை'யில் (2015) ஆர்யா எதிர்கால விஞ்ஞானியாக வந்தது அப்படித்தான். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையிலோ டேனியல் கிரெய்க் 2015-இல் வெள்ளைக் கவசத்துக்குள் முகமே காட்டாமல் வந்துபோனார். தங்க நிற ரோபோவின் கவசத்துக்குள் காலமெல்லாம் இருந்த ஆண்டனி டேனியல்ஸ், 2002 படத்தில் ஒரு கணம் சொந்த முகத்தோடு தோன்றினார்.

அப்படி முகம் மறைத்த நடிப்பு அதே ரவிகுமாரின் 'அயலான்' (2024) படத்திலும் உண்டு. அதில் வேற்றுக்கிரகவாசிக்குக் குரல் தந்தவர் சித்தார்த். படப்பிடிப்பில் அந்த உடைக்குள் இருந்தவர் வெங்கட் செங்குட்டுவன்.