சாக்கடையும் மருத்துவமனையும்

1928-இல் பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங், அதற்குப் பணியாத கிருமிகள் தோன்றக்கூடும் என 1945-லேயே எச்சரித்ததை நாம் அறிவோம். 2008-இல், புதுடில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம், வலிமை மிக்க கார்பபெனெம் மருந்தையும் சிதைக்கும் கிருமி காணப்பட்டது. அதனை மருத்துவமனைக்குள் மட்டும் தேடினால் போதுமா?

2010-இல் டில்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளுள் 51-லும், குழாய்நீர் மாதிரிகள் 50-இல் இரண்டிலும் அக்கிருமியின் மரபணு இருந்தது. ஓரினக் கிருமியிலிருந்து வேறினக் கிருமிக்குத் தாவ வல்லது அம்மரபணு. தெருநீரில் இருந்த காலராக் கிருமியையும் அது பற்றியிருந்தது. நோயாளியின் கழிவு சாக்கடையைச் சேர்கிறது; சாக்கடை குடிநீரில் கசியுமாயின், கிருமி மனிதர் உடல்வழியே மீண்டும் மருத்துவமனை புகும்.

ஆதலின், மருந்தை முறையோடு உண்பது போலவே கழிவுநீரைத் தூய்மை செய்வதும் மருத்துவமே என நாம் உணர்தல் வேண்டும்.