சப்பாணிக்கு ஒரு பெயர் உண்டு

கல்லூரி மலரில் ஒரு இன்ஜினீயர் சினிமா பற்றி எழுதலாமா என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் மின்சாரமும் உண்டு, கட்டடமும் உண்டு!

1959-ல் வந்த பீம்சிங்கின் 'பாகப்பிரிவினை'யில் சிவாஜிக்குச் சின்ன வயசில் ஷாக் அடித்து இடது கையும் காலும் முடங்கிவிடும். கடைசியில் இன்னொரு ஷாக் அடித்துச் சரியாகிவிடும்! எலெக்ட்ரிகல் படித்த நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் அன்றைய சினிமா அப்படித்தான் நினைத்தது. ஊனம் என்பது 'வணக்கம்' போடுவதற்குள் தீர்த்துவிட வேண்டிய கணக்கு. 1965-ல் இதே கதை இந்திக்கும் போனது, 'கான்தான்' என்ற பெயரில்.

1977-ல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தது. ஊரே சப்பாணி என்று கூப்பிடுகிற கமலுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது. இனி யாராவது சப்பாணி என்றால் அறைந்துவிடச் சொல்லிக் கொடுக்கிறாள் மயில். கால் குணமாகும் காட்சி கிடையாது. பெயர்தான் திரும்பக் கிடைக்கிறது. 1981-ல் 'ராஜபார்வை'யின் வயலின் கலைஞனும் பார்வை திரும்பாமலேயே காதலில் ஜெயிக்கிறான்.

ஆனாலும் நடித்தவர்கள் எல்லாம் ஊனமில்லாத நட்சத்திரங்கள்தான். விதிவிலக்கு சுதா சந்திரன். 1981-ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தில் ஒரு காலை இழந்தவர், ஜெய்ப்பூர் செயற்கைக் காலுடன் மறுபடி பரதம் ஆடினார். 1985-ல் 'மயூரி' என்ற தெலுங்குப் படத்தில் தன் கதையில் தானே நடித்தார்.

இந்தப் படங்களில் எல்லாம் ஊனம் பிறவியிலோ விபத்திலோ வரும். எங்கள் மரக்காணம் உப்பளத்திலோ அது வேலையிலிருந்தே வருகிறது. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும், உப்புத் தண்ணீர் பாதத்தை அரிக்கும். ஒரே நாளில் அல்ல, வருஷக்கணக்கில். பெரிய நட்சத்திரங்களின் படத்தில் இந்தக் கண்ணையும் பாதத்தையும் நான் பார்த்ததில்லை.

2010-ல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை 'மாற்றுத்திறனாளிகள்' என்று மாற்றியது. 2016-ல் மத்திய உரிமைச் சட்டம் வந்தது. 2024 ஜூலை 8 அன்று, 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஊனத்தைக் கேலி செய்யும் நகைச்சுவை வேறு, புரியவைக்கும் நகைச்சுவை வேறு. இழிவான சொற்களைத் தவிருங்கள், அவர்களையும் கலந்துகொண்டு படம் எடுங்கள். மயில் சொன்னதைச் சட்டம் சொல்ல 47 வருஷம் ஆகியிருக்கிறது!

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஷாக் கொடுத்து யாரையும் குணப்படுத்த நம்மால் முடியாது. ஆனால் நாம் போடுகிற பிளானில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் வரையலாம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்கப் போட்டுக்கொள்ளத் தோதான கறுப்புக் கண்ணாடியும் பூட்ஸும் செய்து பார்க்கலாம். இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். பரவாயில்லை, செய்யுங்கள்.