ஒரு தொப்பியின் விலை

ஒரு கண்டத்தின் தலைவிதியை ஒரு தொப்பி மாற்றியது என்று நான் நாவலில் எழுதினால், "ஆசாமி நன்றாகக் கதை விடுகிறார்" என்று வாசகர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நாவலாசிரியனுக்கு அந்தச் சங்கடம் உண்டு, சரித்திரத்துக்குக் கிடையாது. வட அமெரிக்காவின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் வருகிறது. அங்கே தேசப்படம் வரைந்தவர்களில் பாதிப் பேர் ஒரு பிராணியைத் துரத்திக்கொண்டு போனவர்கள். அந்தப் பிராணியின் பெயர் பீவர்.

நம் நாட்டில் அது இல்லை. ஆகையால் தமிழில் அதற்குப் பெயரும் இல்லை. சிலர் நீர்நாய் என்று எழுதிவிடுகிறார்கள். நீர்நாய் வேறு. நீர்நாய் மீன் பிடித்துத் தின்னும். பீவர் மீனைத் தொடாது. அது எலி, அணில் இனத்தைச் சேர்ந்த சுத்த சைவம். மரப்பட்டையும் தளிரும் நீர்ச்செடிகளும்தான் அதன் ஆகாரம். வளர்ந்த பீவர் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். வாயின் முன்னே உளி போன்ற பற்கள். அவற்றில் இரும்புச் சத்து கலந்திருப்பதால் ஆரஞ்சு நிறம். பின்னே துடுப்பு மாதிரி தட்டையான, செதிள் மூடிய வால். ஆபத்து வந்தால் அந்த வாலால் தண்ணீரைப் பளாரென்று அறையும். அந்தச் சத்தம் கேட்டதும் குடும்பம் முழுவதும் நீருக்குள் மறைந்துவிடும்.

குடும்பம் என்று நான் சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கூடி வாழ்கின்றன. இந்த வருஷத்துக் குட்டிகளும் போன வருஷத்துக் குட்டிகளும் அதே வீட்டில் இருக்கின்றன. இரண்டு வயதானதும் பிள்ளைகள் வேறு ஓடை தேடித் தனிக்குடித்தனம் போய்விடுகின்றன.

வீடு கட்டுவதற்கு முன் பீவர் குளம் வெட்டுகிறது. வெட்டுகிறது என்பதைவிடக் கட்டுகிறது என்பதே சரி. கரையோர மரங்களைப் பல்லால் அரிந்து வீழ்த்தி, கிளை, சேறு, கல் எல்லாவற்றையும் சேர்த்து ஓடையின் குறுக்கே அணை போடுகிறது. தேங்கிய தண்ணீரின் நடுவே குச்சிகளால் ஒரு மனை எழுப்புகிறது. அதன் வாசல் தண்ணீருக்கு அடியில். வசிக்கும் அறை தண்ணீருக்கு மேலே. ஓநாய் வந்தாலும் உள்ளே நுழைய வழியில்லை. பனிக்காலத்தில் குளத்தின் மேற்பரப்பு கல்லாக உறைந்தாலும், அணை போட்டு ஆழப்படுத்திய அடித் தண்ணீர் உறைவதில்லை. இலையுதிர் காலத்திலேயே பச்சைக் கிளைகளை அடியில் புதைத்து வைத்திருக்கும். பனிக்கட்டிக்குக் கீழே நீந்திப் போய் அவற்றை எடுத்து வந்து சாப்பிடும்.

அணையில் சிறு கசிவு கண்டாலும் அன்றிரவே குடிமராமத்து நடந்துவிடும். சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் லார்ஸ் வில்சன் 1960களில் ஐரோப்பிய பீவர்களை வளர்த்துப் பார்த்தார். தண்ணீர் ஓடும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டால், கசிவே இல்லாத இடத்திலும் அவை குச்சிகளைக் கொண்டுவந்து அடுக்கின! ஓடும் நீரின் ஓசை அவற்றின் காதுக்குப் பொறுக்காது போலும். 1868-இல் லூயிஸ் மார்கன் என்ற அமெரிக்க வக்கீல், சுப்பீரியர் ஏரிக்கு அருகே இருந்த பீவர் அணைகளைப் படம் வரைந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் கழித்து அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தேடியபோது, அவற்றில் சுமார் முக்கால்வாசி இன்னும் அங்கே தென்பட்டன. மனிதர்கள் கட்டிய எத்தனை அணைகளுக்கு இந்த ஆயுள் உண்டு?

வெள்ளையர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் குறைந்தது 6 கோடி பீவர்கள் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு சொல்பவர்களும் உண்டு. அத்தனை பிராணிகளும் ஓடைக்கு ஓடை அணை போட்டு வைத்திருந்த தேசம் எப்படி இருந்திருக்கும்! மழையும் உருகிய பனியும் ஓடிக் கடலில் விழுந்துவிடாமல் குளம் குளமாக நின்று, மண்ணில் ஊறி, கோடையிலும் கசிந்துகொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் தொப்பி வந்து சேர்ந்தது.

பீவரின் நீண்ட மேல் மயிருக்கு அடியில் மிருதுவான உள்மயிர் ஒன்று உண்டு. அதன் இழைகளில் நுண்ணிய கொக்கிகள் இருப்பதால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நூற்காமல், நெய்யாமல், அழுத்தியே கெட்டித் துணியாக்கிவிடலாம். ஐரோப்பாவில் கனவான் என்றால் தலையில் பீவர் தொப்பி இருந்தாக வேண்டும் என்ற நாகரிகம் பரவியது. தங்கள் கண்டத்துப் பீவர்களைத் தீர்த்துவிட்டு ஐரோப்பியர் அமெரிக்காவைப் பார்த்துத் திரும்பினார்கள்.

1668-இல் பம்பாயைக் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுத்தாரே இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ், அவரே இரண்டு வருஷம் கழித்து, 1670 மே 2-ந் தேதி, இன்னொரு கும்பினிக்கும் சாஸனம் எழுதிக் கொடுத்தார். அதுதான் ஹட்ஸன் விரிகுடாக் கும்பினி. அந்த விரிகுடாவில் போய் விழும் ஆறுகள் ஓடும் பூமி முழுவதும் அதற்குச் சொந்தம் என்றது சாஸனம். அந்தப் பூமியை ராஜாவும் பார்த்ததில்லை, கும்பினியும் பார்த்ததில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிரீ முதலிய ஜனங்களை யாரும் கேட்கவும் இல்லை. குத்தகை என்ன தெரியுமா? ராஜா எப்போதாவது அந்தப் பக்கம் வந்தால் இரண்டு எல்க் மான்களும் இரண்டு கறுப்பு பீவர்களும்!

கும்பினியின் கிடங்குகளில் நல்ல பீவர் தோல் ஒன்றுதான் நாணயம். கத்தி, கம்பளி, கெட்டில், துப்பாக்கி எல்லாவற்றுக்கும் விலை 'இத்தனை பீவர்' என்றே எழுதப்பட்டது. ஓர் உயிர் நாணயமாகிவிட்டால் அதன் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பேராசையைக் காட்டிலும் பயங்கரமான ஒன்று 1820களில் நடந்தது. ராக்கி மலைகளுக்கு மேற்கே ஆரிகன் பிரதேசம் யாருக்கு என்று இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போட்டி. கும்பினியின் அதிகாரி ஜார்ஜ் சிம்ப்ஸன் ஒரு யுக்தி செய்தார். ஸ்நேக் நதிப் பக்கத்தில் பீவரே இல்லாமல் செய்துவிட்டால், அமெரிக்க வேட்டைக்காரர்கள் அதைத் தாண்டி வரமாட்டார்கள் அல்லவா? 1824 முதல் 1830 வரை பீட்டர் ஸ்கீன் ஆக்டன் என்பவர் வருஷந்தோறும் படை மாதிரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ஓடை ஓடையாகத் துடைத்தார். தன் சொந்த எல்லைக்குள் பீவரை அளவோடு பிடிக்கும்படி கட்டளையிட்டவரும் இதே சிம்ப்ஸன்தான்! தெரியாமல் செய்தவரல்லர் அவர். நன்றாகத் தெரிந்து செய்தவர். 1846 ஒப்பந்தத்தில் அந்த ஸ்நேக் நதிப் பக்கம் அமெரிக்காவுக்கே போயிற்று.

பழுது பார்க்க ஆளில்லாத அணைகள் உடைந்தன. தேங்கி நின்ற தண்ணீர் வேகமெடுத்து ஓடி, ஓடைகளின் அடியை அரித்துப் பள்ளமாக்கியது. நிலத்தடி நீர் இறங்கியது. பல இடங்களில் பசும்புல் வெளி வறண்ட புதராயிற்று. கும்பினியின் கணக்குப் புத்தகத்தில் தோலுக்கு வரவு உண்டு. போன தண்ணீருக்குப் பற்று எழுதப் பத்தி இல்லை.

மிஞ்சிய பீவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்ததும் கருணையால் அல்ல. 1830களில் பட்டுத் தொப்பி நாகரிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

கருணை பிறகு வந்தது; ஒரு பெண்ணின் வழியாக வந்தது. கனடாவில் 'கிரே அவுல்' என்ற பெயரில் ஒரு வேட்டைக்காரர் இருந்தார். 1928-இல் அவருடைய பொறியில் ஒரு தாய் பீவர் மாட்டியது. அநாதையான குட்டிகளைக் கொன்றுவிடாதே என்று மனைவி அனஹாரியோ மன்றாடினாள். இரண்டு குட்டிகளும் குடிசைக்கு வந்தன. பீவர்க் குட்டியின் அழுகை கைக்குழந்தையின் அழுகை மாதிரியே இருக்குமாம். அந்த மனிதர் பொறியைத் தூக்கி எறிந்துவிட்டு, பீவருக்காக எழுதவும் பேசவும் கிளம்பினார். உலகப் புகழ் பெற்றார். தம்மைப் பாதி செவ்விந்தியர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஹேஸ்டிங்ஸ் ஊரில் பிறந்த அசல் ஆங்கிலேயர் என்பது 1938-இல் அவர் இறந்த பிறகே அம்பலமாயிற்று. பெயர் பொய், வம்சம் பொய். ஆனால் குட்டிகளிடம் அவர் வைத்த அன்பைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1948-இல் ஐடஹோ மாகாணத்தில் 76 பீவர்களைப் பெட்டியில் வைத்து, ஆகாய விமானத்திலிருந்து பாரசூட்டில் மலைக்காட்டுக்குள் இறக்கினார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் பிழைத்தன. அணை கட்டத் தொடங்கின. 2007-இல் நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் நதியிலேயே ஒரு பீவர் தோன்றியது. சுமார் இருநூறு வருஷங்களுக்குப் பின் அங்கே அதுதான் முதல். மேற்கு மாகாணங்களில் காட்டுத்தீ பரவும்போது, பீவர் குளங்களைச் சுற்றிய இடம் மட்டும் பச்சையாகத் தப்பி நிற்பதை 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

பீவர் யாருக்கும் உபகாரம் செய்ய நினைத்து அணை கட்டவில்லை. தன் பெண்டு பிள்ளைகள் ஓநாய்க்கு இரையாகக் கூடாது, பனிக்காலத்தில் பட்டினி கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் எண்ணம். அந்தச் சுயநலத்தில் ஒரு கண்டமே தண்ணீர் குடித்தது. மனிதனும் தன் நலத்தைத்தான் நினைத்தான். ஆனால் தலைக்கு ஒரு தொப்பி வேண்டும் என்று நினைத்தான். அந்தத் தொப்பி நாகரிகம் எப்போதோ மறைந்துவிட்டது. வற்றிப்போன ஓடைகளில், இன்ஜினீயர்களும் தொண்டர்களும் கட்டைகளை அடித்து, குச்சிகளைச் செருகி, பீவர் போட்ட மாதிரியே சிறு சிறு அணைகள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பீவர் எப்போது வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் என்று காத்திருக்கிறார்கள்.