பெட்டி லாவெட்டின் வெளிவராத ஆல்பம்

தேவாலயங்களில் பாடப்பட்ட கோஸ்பல் என்னும் பக்திப் பாடலின் உருக்கமும், ரிதம் அண்ட் ப்ளூஸ் என்னும் ஆடலுக்குரிய இசையின் தாளக்கட்டும் கலந்து, 1950களின் இறுதியில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உருப்பெற்றதே சோல் இசை. இத்துறையின் பாடகர் பலர் தேவாலயத்தில் பயின்றவர்கள். 1946இல் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகனில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்த பெட்டி லாவெட்டோ, காசு போட்டால் இசைத்தட்டு சுழலும் ஜூக்பாக்ஸ் இருந்த தம் வீட்டுக் கூடத்தில், ப்ளூஸ், கன்ட்ரி எனக் காதில் விழுந்தவற்றையெல்லாம் பாடிப் பழகியவர். 1962இல், 16 வயதில், அவர் பாடி அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடத்தை எட்டியது.

அது பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிறு தட்டு. சோல் வணிகம் நெடுங்காலம் இத்தகைய தட்டுகளையே நம்பியிருந்ததால், பல பாடல்களைக் கொண்ட ஆல்பம், தொடர்ந்து விற்பனை காட்டிய சிலருக்கே வாய்த்தது. பல நிறுவனங்களில் பாடியும் ஆல்பம் காணாத லாவெட்டை 1972இல் அட்லாண்டிக்கே மீண்டும் ஒப்பந்தம் செய்து, அலபாமா மாநிலத்தின் மசில் ஷோல்ஸ் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அனுப்பியது. ஒரு காலத்தில் சவப்பெட்டிகள் வைக்கப்பட்டிருந்த அச்சிறு கட்டடத்தை, ஜிம்மி ஜான்சன், ரோஜர் ஹாக்கின்ஸ், டேவிட் ஹுட், பேரி பெக்கெட் என்னும் நான்கு வெள்ளையின வாத்தியக்காரர்கள் 1969இல் ஒலிப்பதிவுக்கூடமாக்கியிருந்தனர். கறுப்பினப் பாடகர்களின் குரலை மீறாமல் தாங்கி நிற்கும் அடக்கமான வாசிப்பே இவர்களின் தனிச்சிறப்பு.

பிராட் ஷப்பிரோ தயாரித்த அவ்வால்பத்திற்கு ‘சைல்ட் ஆஃப் தி செவன்டீஸ்’ என்று பெயரிடப்பட்டிருந்தது. கரகரப்பும் தழுதழுப்பும் கொண்ட லாவெட்டின் குரல், ‘யுவர் டர்ன் டு க்ரை’ என்ற பாடலில் அழுகையின் விளிம்புவரை சென்று, அங்கே உடைந்துவிடாமல் சினமாக மாறுகிறது. இப்பாடல் சிறு தட்டாக வெளிவந்தபோதும், ஆல்பத்தை நிறுவனம் கைவிட்டது. தட்டுகள் அச்சிடப்படுவதற்கு ஆதாரமான மாஸ்டர் டேப் என்னும் மூல ஒலிநாடா, நடைமுறையில் நிறுவனத்தின் உடைமையாக இருந்தமையால், பாடியவரால் தம் குரலைத் தாமே வெளியிடவும் இயலவில்லை. முதல் தட்டு வந்து 20 ஆண்டுகள் கழித்து, 1982இல்தான் மோடவுன் நிறுவனம் வழியாக அவருடைய முதல் ஆல்பம் வெளியானது.

மசில் ஷோல்ஸ் பதிவுகளோ, பிரெஞ்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஜீல் பெட்டார் அவற்றைத் தேடிக் கண்டெடுத்து உரிமம் பெற்றதால், 2000இல் ‘சூவனிர்ஸ்’ என்னும் பெயரில் வெளிவந்தன. அதன்பின் வந்த ஆல்பங்களால் லாவெட் 60 வயதையொட்டிப் பரவலான புகழ் பெற்றார். 2007இல் அதே மசில் ஷோல்ஸ் வட்டாரத்துக்குத் திரும்பிப் பதிவுசெய்த ஆல்பத்திற்குக் ‘குற்றம் நடந்த இடம்’ என்று பொருள்படும் பெயரையே சூட்டினார். சோல் இசையின் வரலாற்றை விற்பனைப் பட்டியல்களைக் கொண்டு மட்டும் எழுதினால், நிறுவனங்களின் கிடங்குகளில் முடங்கிய இத்தகைய குரல்கள் அவ்வரலாற்றிலிருந்தே விடுபட்டுப்போகும். ஆகவே வெளிவராதவற்றையும் தேடிச் சேர்ப்பது இசை வரலாற்றாசிரியரின் தலையாய கடமையாகிறது.