காசும் வாசியும்

‘காசு’ என்னும் சிறு சொல்லுக்குத் தமிழிலே பல பொருள் உண்டு. மகளிர் மேகலையிற் கோத்த மணியைச் சங்கப் புலவர் காசு என்றனர். பொன்னும் காசு, நாணயமும் காசு, வெண்பாவின் ஈற்றுச் சீர் வாய்பாடுகளுள் ஒன்றும் காசு. சோழர் கல்வெட்டுக்கள் ‘ஈழக்காசு’ என்றொரு நாணயத்தைக் குறிக்கின்றன. போர்த்துக்கேயர் வாய்வழியே சென்ற இச்சொல், சீனத்துச் செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலத்திலே பெயராயிற்று. இத்தனைக்கும் நடுவே ‘குற்றம்’ என்ற பொருளும் அதற்கு உண்டென்பதே வியப்பு.

காசிலே குற்றம் உண்டாகுமா? பெரியபுராணம் விடை கூறுகிறது. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையிலே சம்பந்தரும் அப்பரும் நாள்தோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர். அப்பர் பெற்ற காசைக் கடைக்காரர் உடனே ஏற்றனர். சம்பந்தர் பெற்ற காசுக்கோ ‘வாசி’, அதாவது வட்டம், கேட்டனர். அவர் மடத்தில் உணவு தாமதித்தது. காரணம் யாது? அப்பர் கைத்தொண்டு செய்பவர்! உடலுழைப்பாளன் காசுக்கு வாசியில்லை என்பது கருத்து. பின்னர்ச் சம்பந்தரும் பதிகம் பாடி நற்காசு பெற்றார்.

நம் மலைநாட்டிலே நடந்ததோ தலைகீழ். காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவன் கைக்கு வந்த காசே வாசியுற்றது. ஊரிலிருந்து புறப்படும்போதே முற்பணம் அவன் கடனாயிற்று. அக்கடனைக் காட்டும் ‘துண்டு’ தோட்டத்துக்குத் தோட்டம் அவனைத் தொடர்ந்தது. பெரிய கங்காணிக்குத் தலைக்காசு. தொழிலாளிக்கோ அரிசி முதலிய கழிவுகள் போக மிஞ்சியதே சம்பளம். கடல் கடந்து வந்தவனிடம் தோட்ட இலக்கம் பொறித்த தகர வில்லை ஒன்றும் இருந்தது. காசிலே அரசன் முத்திரை காசின் மதிப்பைச் சொல்லும். இவ்வில்லையோ அவன் எத்தோட்டத்துக்கு உரியவன் என்பதைச் சொல்லிற்று!

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தது. 2021இலே, பல்லாண்டுப் போராட்டத்தின் பின், நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வெளியாயிற்று. ஆயினும் குறித்த இறாத்தல் கொழுந்து சேராத நாளுக்கு ‘அரைப்பேர்’ என்னும் சொல் லயத்து வழக்கிலே வேரூன்றிவிட்டது. அதுவும் ஒரு வாசியன்றோ?

நாணயம் என்ற சொல்லுக்குக் காசு, நேர்மை என இரு பொருள் உண்டு. கொடுப்பவனிடம் இரண்டாவது இருந்தாலன்றி, வாங்குபவன் கையில் முதலாவது முழுமை பெறாது. இளைஞர்களே, செக்ரோல் கணக்கை வாசித்தறியும் கல்வி இன்று உங்களிடம் உண்டு. உங்கள் தாயார் பெற்ற சம்பளச் சீட்டை ஒருமுறை வரிவரியாய்ப் பாருங்கள். வாசி எங்கே நிற்கிறதென்பது புலப்படும்.