அந்தமான் கடலும் 'சைக்ளோன்' என்னும் சொல்லும்

1844 நவம்பர் 11ஆம் நாள் இரவு, கல்கத்தாவை நோக்கிச் சென்ற இரு கப்பல்கள் அந்தமான் கடலில் ஒரே புயலில் சிக்கின. படைவீரர்களை ஏற்றிவந்த 'பிரிட்டன்' சிட்னியிலிருந்தும் 'ரன்னிமீட்' இங்கிலாந்திலிருந்தும் புறப்பட்டவை. ஒன்றின் இருப்பை மற்றொன்று அறியாது. விடிந்தபோது இரண்டும் ரிச்சி தீவுக்கூட்டத்திலுள்ள ஜான் லாரன்ஸ் தீவின் அலையாத்திக் காட்டில் ஏறிக் கிடந்தன. பல நூறு பேர் உயிர் தப்பினர்.

இப்புயலை ஆராய்ந்தவர் கல்கத்தாவில் கடல்விபத்து விசாரணை மன்றத் தலைவராயிருந்த ஹென்றி பிடிங்டன். கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, காற்றின் திசைமாற்றத்தைக் கொண்டு புயலின் வழியைக் கணிப்பது அவரது முறை. அடுத்த ஆண்டு மொரீசியசுக்கு அருகே ஒரு புயலைப் பலமுறை சுற்றிவந்த 'சார்ல்ஸ் ஹெடில்' கப்பலின் குறிப்பேடும் அவருக்குப் பெருஞ்சான்றாயிற்று. 1848இல் மாலுமிகளுக்கென எழுதிய கையேட்டில் 'சைக்ளோன்' என்னும் புதுச்சொல்லை முன்வைத்தார். ஒற்றைக்கண் அரக்கனாகிய சைக்ளோப்ஸின் பெயரே இதன் மூலம் என்பாருமுண்டு, அது பிழை. பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அவர் காட்டிய மூலம். காற்று முழுவட்டமாகச் சுழல்கிறது என்று உறுதி கூறாமல், வளைந்து வீசுவதை மட்டும் உணர்த்தும் சொல் அவருக்குத் தேவைப்பட்டது.

அந்த நெகிழ்வே பின்னர்க் குழப்பத்துக்கு இடந்தந்தது. அமெரிக்க நடுமேற்கில் டொர்னாடோவையே மக்கள் நெடுங்காலம் 'சைக்ளோன்' என்றனர். 1900இல் வெளிவந்த 'ஓஸ்' கதையில் வீட்டைத் தூக்கிச் செல்வதும் அப்பெயர் பெற்ற டொர்னாடோதான். டொர்னாடோ என்னும் சொல்லுக்கும் நேர்வழி வரலாறு இல்லை. இடிமழையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான 'ட்ரொனாடா', திரும்புதலைக் குறிக்கும் வினையோடு மயங்கி உருமாறியது என்பர்.

தமிழிலும் நிலைமை வேறன்று. பழந்தமிழில் 'புயல்' என்பது மேகம், மழை. இன்றைய பொருள் பிற்காலத்தது. சென்னையில் புயல் எனப்படுவதை மட்டக்களப்பில் சூறாவளி என்பர். 1978 நவம்பரில் அவ்வூரைச் சிதைத்ததன் பெயரும் அதுவே. தமிழ்நாட்டுப் பாடநூல் அதனை வெப்பமண்டலச் சூறாவளி என்கிறது. நாளிதழோ ஓக்லகோமாவின் டொர்னாடோவையும் சூறாவளி என்றே எழுதுகிறது. சூறையும் வளியும் சேர்ந்த அச்சொல்லில் குற்றமில்லை. இரு நிகழ்வுகளுக்கும் அதையே வழங்குவதில்தான் இடர்.

ஏனெனில் அளவிலும் காலத்திலும் இரண்டும் தொடர்பற்றவை. புயல் வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து ஆற்றல் பெற்று, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து, நாட்கணக்கில் நகர்வது. டொர்னாடோ இடிமுகிலின் அடியிலிருந்து தரைவரை இறங்கும் காற்றுத் தூண். பெரும்பாலானவற்றின் அகலம் சில நூறு மீட்டருக்குள் அடங்கும். ஆயுள் பத்து நிமிடத்தைத் தாண்டுவது அரிது. புயலை நாட்களுக்கு முன்பே அறியலாம். டொர்னாடோவுக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. புயலின் வெளிவளையங்களில் சிறு டொர்னாடோக்கள் தோன்றுவதுண்டு என்பது குழப்பத்தை மேலும் வளர்க்கிறது.

டொர்னாடோ அமெரிக்காவுக்கே உரியது என்னும் நம்பிக்கையும் தவறு. உலகில் மிகுதியான உயிர்களைக் கொன்றதாகக் கருதப்படுவது 1989 ஏப்ரல் 26இல் வங்கதேசத்தின் தௌலத்பூர், சத்தூரியா பகுதிகளைத் தாக்கியது. இறந்தோர் ஏறத்தாழ 1300 பேர். கடலில் எழும் நீர்ச்சுழல் கடல்நீரை விண்ணுக்கு உறிஞ்சுகிறது என்பதும் அத்தகையதே. கண்ணுக்குத் தெரியும் தூண் பெரும்பாலும் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து உருவான நுண்துளிகள்.

அந்தமானைப் பற்றிய தவறான எண்ணம் இரு பக்கமும் சாய்கிறது. ஆண்டுதோறும் பெரும்புயல் தீவுகளைப் புரட்டுவதாக நிலப்பகுதியினர் நினைப்பர். அங்கு உருவாகும் சுழற்சிகளுள் பல இளநிலையிலேயே தீவுகளைக் கடந்து, மேற்கே வங்கக் கடலில்தான் வலுப்பெறுகின்றன. மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்வரை இந்திய வானிலைத் துறை அவற்றைப் புயலென்று அழைப்பதுமில்லை. ஆகவே தீவுகள் பாதுகாப்பானவை என்பதும் பொருந்தாது. 1891 நவம்பரில் போர்ட் பிளேரைத் தாக்கிய புயலில் 'என்டர்பிரைஸ்' கப்பல் பாறையில் மோதி உடைந்தது. பிழைத்தோர் ஆறு பேரே. அவர்களைக் கரைக்கு இழுத்துக் காத்தவர்கள் அங்குச் சிறைப்பட்டிருந்த பெண்கைதிகள்.